காரின் எடைக் குறைப்பும் எஞ்சின் திறன் கூட்டலும்

ஒரு காரின் செயல்திறனை உயர்த்த அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எஞ்சின் வெளியிடும் திறனைக் கூட்டுவது. மற்றொன்று, அந்த எஞ்சின் இழுத்துச் செல்ல வேண்டிய எடையைக் குறைப்பது. நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன. மேடு ஏறுதல், பிரேக் பிடித்தல், வளைவில் திரும்புதல், எரிபொருள் செலவு ஆகியவற்றில் எடைக் குறைப்பு கூடுதல் நன்மை தருகிறது. மாறாக, உச்ச வேகத்தைத் தீர்மானிப்பதில் எடையின் பங்கு மிகச் சிறியது. அங்கே எஞ்சின் திறனும் காற்றுத்தடையுமே முக்கியம். மோதலின்போது இலகுவான காரில் இருப்பவர்களே கூடுதல் அதிர்ச்சிக்கு உள்ளாகின்றனர் என்பது எடைக் குறைப்பின் மறுபக்கம்.

இக்கட்டுரையில் எடை என்பது அன்றாட வழக்கில் கிலோகிராமில் சொல்லப்படும் நிறையைக் குறிக்கிறது. குதிரைத்திறன் என்பது மெட்ரிக் குதிரைத்திறன் (1 குதிரைத்திறன் = ஏறத்தாழ 0.735 கிலோவாட்) ஆகும்.

## திறன்–எடை விகிதம்

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, ஒரு பொருளின் முடுக்கம் அதன் மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்திலும் அதன் நிறைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். குறிப்பிட்ட வேகத்தில் சக்கரங்களுக்குக் கிடைக்கும் விசை, எஞ்சினின் திறனைப் பொறுத்தது. எனவே காரின் முடுக்கத்தை மதிப்பிட, எஞ்சின் திறனை எடையால் வகுத்துப் பெறும் திறன்–எடை விகிதம் பயன்படுகிறது.

1,200 கிலோ எடையும் 120 குதிரைத்திறனும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதம் டன்னுக்கு 100 குதிரைத்திறன். எடையில் 10 விழுக்காட்டைக் குறைத்து 1,080 கிலோ ஆக்கினால் விகிதம் 111 ஆக உயரும். எடையைத் தொடாமல் இதே விகிதத்தை அடைய, எஞ்சினை 133 குதிரைத்திறனுக்கு உயர்த்த வேண்டும். அதாவது 10 விழுக்காடு எடைக் குறைப்பு, 11 விழுக்காடு திறன் கூட்டலுக்குச் சமம். இந்த வேறுபாடு போகப்போகப் பெரிதாகிறது: 20 விழுக்காடு எடைக் குறைப்பு 25 விழுக்காடு திறன் கூட்டலுக்கும், எடையைப் பாதியாக்குவது திறனை இரட்டிப்பாக்குவதற்கும் சமம்.

ஒவ்வொரு கிலோவின் மதிப்பும் எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல. மேற்சொன்ன காரிலிருந்து 100 கிலோவைக் குறைப்பது சுமார் 11 குதிரைத்திறனைக் கூட்டுவதற்கு ஒப்பாகும். 1,800 கிலோ எடையும் 600 குதிரைத்திறனும் கொண்ட காரில் அதே 100 கிலோ, சுமார் 35 குதிரைத்திறனுக்கு ஒப்பாகும். திறன்–எடை விகிதம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் கார்களில் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு கூடுகிறது. பந்தயக் கார் வடிவமைப்பாளர்கள் கிராம் கணக்கில் எடை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## வேகமெடுத்தல்

1,200 கிலோ கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 463 கிலோஜூல். 120 குதிரைத்திறன் (சுமார் 88 கிலோவாட்) முழுவதும் இழப்பின்றிச் சக்கரங்களுக்குச் சென்றால், நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட 5.2 வினாடி போதும். நடைமுறையில் இத்தகைய கார் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் தன் உச்சத் திறனைக் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே தருவது, கியர் மாற்றும் நேரம், கியர்பாக்ஸில் ஏற்படும் இழப்பு, காற்றுத்தடை, டயர் வழுக்குதல் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

புறப்படும் முதல் சில நொடிகளில் முடுக்கத்துக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் டயரின் பிடிப்பு. திறன் மிகுந்த முன்சக்கர இயக்கக் கார் ஒன்றில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தினால் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழலும். அந்நிலையில் மேலும் திறன் சேர்ப்பது புகையையும் டயர்த் தேய்மானத்தையுமே கூட்டும். எடையைக் குறைத்தாலும் அங்கே பெரும்பலன் கிடைக்காது. எடை குறையும்போது டயரைச் சாலையோடு அழுத்தும் விசையும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது. பிடிப்பு தடையாக இருக்கும் இடத்தில் நல்ல டயரும் நான்கு சக்கர இயக்கமும்தான் தீர்வு. வேகம் கூடி, வழுக்கல் நின்ற பிறகே திறன்–எடை விகிதத்தின் ஆட்சி தொடங்குகிறது.

### சுழலும் பகுதிகளின் எடை

எந்த எடை குறைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இருக்கையில் உள்ள 1 கிலோ முன்னோக்கி நகர்ந்தால் போதும். சக்கரத்தில் உள்ள 1 கிலோ முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டும். அதற்குத் தனியே ஆற்றல் தேவைப்படுகிறது. டயரின் வெளிவட்டத்தில் உள்ள 1 கிலோ, வேகமெடுக்கும்போது ஏறத்தாழ 2 கிலோவைப் போல நடந்துகொள்ளும். அச்சுக்கு அருகில் செல்லச் செல்ல இந்த விளைவு குறையும்.

மேலும், சக்கரம், டயர், பிரேக் ஆகியவை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளால் தாங்கப்படாதவை. இவை இலகுவாக இருந்தால் சாலையின் மேடுபள்ளங்களைச் சக்கரம் விரைவாகத் தொடர்ந்து சென்று, டயர் சாலையைவிட்டு எழாமல் இருக்கும்.

## பிரேக் பிடித்தலும் வளைவுகளும்

இலகுவான கார் எப்போதும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. எளிய இயற்பியல் கணக்கில் இது உண்மையன்று. எடை குறைந்தால் நிறுத்த வேண்டிய நிறை குறைகிறது. டயரின் பிடிப்பு விசையும் அதே விகிதத்தில் குறைகிறது. எனவே ஒரே உராய்வுக் கெழு கொண்ட இரு கார்களின் நிறுத்தத் தூரம், எடை வேறுபட்டாலும் சமமாகவே இருக்க வேண்டும். வளைவில் எட்டக்கூடிய வேகத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

எனினும் நடைமுறையில் இலகுவான காருக்கு ஒரு நன்மை உண்டு. ரப்பர் டயரின் பிடிப்பு அதன் மீதான சுமைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. சுமை இரட்டிப்பானால் பிடிப்பு விசை இரண்டு மடங்கைவிடக் குறைவாகவே உயரும். ஆகவே ஒரே அளவுள்ள டயர்களைப் பொருத்தினால் இலகுவான கார், தன் எடையோடு ஒப்பிட, சற்றுக் கூடுதல் பிடிப்பைப் பெறுகிறது.

வெப்பம் தொடர்பான வேறுபாடு இன்னும் தெளிவானது. பிரேக் என்பது காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, 1,200 கிலோ கார் 463 கிலோஜூல் வெப்பத்தையும் 1,500 கிலோ கார் 579 கிலோஜூல் வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். மலைச்சாலையில் தொடர்ந்து இறங்கும்போதும் பந்தயத்திலும் இந்த வெப்பம் சேர்ந்து பிரேக்கின் பிடியைத் தளர்த்தக்கூடும்.

திறனைக் கூட்டுவது பிரேக்கின் சுமையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது. முன்பு 100 கி.மீ. வேகத்தில் வளைவை நெருங்கிய கார், கூடுதல் திறனால் 120 கி.மீ. வேகத்தில் நெருங்கினால், பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் 44 விழுக்காடு கூடிவிடும். எஞ்சினை மட்டும் மாற்றி, பிரேக்கையும் டயரையும் பழையபடி விட்டுவிடும் கார்கள் ஆபத்தானவையாவது இதனால்தான்.

## உச்ச வேகமும் காற்றுத்தடையும்

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் கார் முதன்மையாக இரண்டு தடைகளை வெல்ல வேண்டும். டயர் உருள்வதால் ஏற்படும் உருளல் தடை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றுத்தடைக்கும் எடைக்கும் தொடர்பில்லை. அது காரின் வடிவத்தையும் முகப்புப் பரப்பையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது.

உருளல் தடைக் கெழு 0.010 எனவும், காற்றுத்தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய மதிப்பு 0.65 சதுர மீட்டர் எனவும் கொண்டால், 1,200 கிலோ காருக்குத் தேவைப்படும் திறன் வருமாறு:

| வேகம் (மணிக்கு) | உருளல் தடைக்கு | காற்றுத்தடைக்கு |
|---|---|---|
| 50 கி.மீ. | 1.6 கிலோவாட் | 1.0 கிலோவாட் |
| 100 கி.மீ. | 3.3 கிலோவாட் | 8.4 கிலோவாட் |
| 200 கி.மீ. | 6.5 கிலோவாட் | 66.9 கிலோவாட் |

50 கி.மீ. வேகத்தில் எடை சார்ந்த தடையே பெரிது. 200 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை அதைவிடப் பத்து மடங்கு பெரிதாகிறது. அவ்வேகத்தில் எடையை 10 விழுக்காடு குறைத்தால் உச்ச வேகம் அரை விழுக்காடுகூட உயராது. திறனை 10 விழுக்காடு கூட்டினால் உச்ச வேகம் 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக உயரும். உச்ச வேகத்துக்குத் திறன் தேவைதான். ஆனால் அங்கும் அது கொடுக்கும் பலன் சிறிதே.

இதற்கு இரு புகழ்பெற்ற கார்கள் சான்று. கார்டன் முர்ரே வடிவமைத்து 1992 இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, 1,138 கிலோ எடையும் 627 குதிரைத்திறனும் கொண்டது. 1998 இல் அது மணிக்கு 386 கி.மீ. வேகத்தை எட்டியது. 2005 இல் உற்பத்திக்கு வந்த புகாட்டி வேய்ரான் 1,888 கிலோ எடையும் 1,001 குதிரைத்திறனும் கொண்டது; அதன் உச்ச வேகம் 407 கி.மீ. 750 கிலோ கூடுதல் எடை வேய்ரானின் உச்ச வேகத்துக்குத் தடையாக இருக்கவில்லை. ஆனால் அந்த 21 கி.மீ. முன்னேற்றத்துக்குப் பின்னால் 374 கூடுதல் குதிரைத்திறன் இருந்தது.

## மேடு ஏறுதலும் எரிபொருள் செலவும்

மேட்டில் ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராக முழு எடையையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. 8 விழுக்காடு சரிவுள்ள சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறும் 1,200 கிலோ காருக்கு, மற்றத் தடைகள் நீங்கலாக, ஏறுவதற்கு மட்டும் 15.7 கிலோவாட் தேவை. ஐவரும் சாமான்களும் சேர்ந்து எடை 1,500 கிலோவானால் 19.6 கிலோவாட் தேவைப்படும். சிறிய எஞ்சின் கொண்ட கார், ஆள் நிறைந்தால் மலையில் திணறுவது இதனால்தான்.

நகரச் சாலையில் கார் அடிக்கடி நின்று புறப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சேர்த்த இயக்க ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. எடை குறைந்தால் இந்த வீணும் குறையும். எடையில் 10 விழுக்காடு குறைப்பு, எரிபொருள் சிக்கனத்தை 6 முதல் 8 விழுக்காடு வரை உயர்த்தக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது. குறைந்த எடைக்கு ஏற்ப எஞ்சினையும் சிறிதாக்கினால்தான் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்கும். நெடுஞ்சாலையில் சீரான உயர்வேகத்தில் செல்லும்போது எடையின் பங்கு குறைந்து, காரின் வடிவத்தின் பங்கு கூடுகிறது.

## லோட்டஸ் நிறுவனத்தின் அனுபவம்

திறனைக் கூட்டினால் நேர்த்தடத்தில் மட்டும் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் வேகம் கூடும் என்ற கருத்து, பிரித்தானியப் பொறியாளர் காலின் சாப்மனோடு (1928–1982) தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. கட்டமைப்புப் பொறியியல் பயின்ற அவர் 1952 இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962 இல் வெளிவந்த லோட்டஸ் 25, தனிச் சட்டகம் இன்றி உலோகத் தகடுகளாலான உடலே சுமையைத் தாங்கும் அமைப்பை ஃபார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. அது முந்தைய குழாய்ச் சட்டகக் கார்களைவிட இலகுவாகவும் விறைப்பாகவும் இருந்தது. 1963 இல் ஜிம் கிளார்க் அந்தக் காரில் உலகப் பட்டம் வென்றார்.

சாப்மன் மறைந்த பின்னரும் நிறுவனம் அதே வழியில் சென்றது. 1996 இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் காரின் எடை சுமார் 725 கிலோ. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி உருவாக்கிய அதன் சேசிஸ் 70 கிலோவுக்கும் குறைவானது. சாதாரணக் குடும்பக் கார்களில் பயன்பட்ட 1.8 லிட்டர் ரோவர் எஞ்சினே அதிலும் இருந்தது. திறன் சுமார் 120 குதிரைத்திறன். அந்தத் திறனுடன் அது ஏறத்தாழ 6 வினாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டியது. 1,200 கிலோ கார் இதே திறன்–எடை விகிதத்தைப் பெற சுமார் 200 குதிரைத்திறன் வேண்டும்.

எடைக் குறைப்பில் மிகையாகச் செல்வதன் ஆபத்தும் இதே நிறுவனத்தின் வரலாற்றில் உள்ளது. லோட்டஸ் பந்தயக் கார்கள் எளிதில் முறிபவை என்ற விமர்சனம் சாப்மன் காலத்திலேயே இருந்தது. 1970 இல் இத்தாலியின் மொன்சா தடத்தில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் லோட்டஸ் 72 காரை ஓட்டிய ஜோகன் ரிண்ட் உயிரிழந்தார். முன்சக்கர பிரேக் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்றும், சரியாக அமைக்கப்படாத தடுப்பு வேலி உயிரிழப்புக்குக் காரணமாயிற்று என்றும் விசாரணையில் கூறப்பட்டது. அவ்வாண்டின் உலகப் பட்டம் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. பாரம் தாங்கும் பாகத்தில் எடையைக் குறைக்கும்போது, அதன் வலிமையும் களைப்பு தாங்கும் தன்மையும் குறையாமல் பார்த்துக்கொள்வதே வடிவமைப்பின் கடினமான பகுதி.

## ஃபார்முலா 1 பந்தயத்தில் எடை

ஃபார்முலா 1 விதிகள் காரின் குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கின்றன. ஓட்டுநரையும் சேர்த்து 2009 இல் 605 கிலோவாக இருந்த அது, கலப்பின எஞ்சின், மின்கலம், ஓட்டுநரைக் காக்கும் அமைப்புகள் ஆகியவற்றால் 2022 இல் 798 கிலோவாக உயர்ந்தது. சுமார் 5 கி.மீ. நீளமுள்ள தடத்தில் ஒவ்வொரு 10 கிலோவும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடியைக் கூட்டும் என்பது அத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதற்குத் தடை உள்ளதால், கார்கள் முழு எரிபொருளோடு தொடங்குகின்றன. எஞ்சின் திறன் மாறாமலேயே, எரிபொருள் தீரத்தீரக் கார் வேகமடைவதை இறுதிச் சுற்றுகளில் காணலாம்.

## எடை கூடிக்கொண்டே செல்வதற்கான காரணங்கள்

1976 இல் வெளிவந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 110 குதிரைத்திறனும் சுமார் 810 கிலோ எடையும் கொண்டது. 2020 இல் வந்த எட்டாம் தலைமுறையின் திறன் 245 குதிரைத்திறன். எடை 1,400 கிலோவுக்கும் மேல். திறன் 2.2 மடங்காகியும் திறன்–எடை விகிதம் 1.3 மடங்கைக்கூட எட்டவில்லை. கூட்டிய திறனில் பெரும்பகுதி, கூடிய எடையைச் சுமக்கவே செலவாகிவிட்டது.

ஆனால் அந்த எடை முழுவதும் வீண் அன்று. மோதலைத் தாங்கும் உடலமைப்பு, காற்றுப்பைகள், சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக், குளிர்சாதனம், ஒலித்தடுப்பு எனப் பல வசதிகள் இடையில் சேர்ந்துள்ளன. அவற்றோடு ஒரு தொடர்விளைவும் உண்டு. திறன் மிகுந்த எஞ்சினுக்கு வலுவான கியர்பாக்ஸ், பெரிய ரேடியேட்டர், அகன்ற டயர், பெரிய பிரேக் ஆகியவை தேவை. இவை எடையைக் கூட்டுகின்றன. கூடிய எடையை இழுக்க மேலும் திறன் தேவைப்படுகிறது. இத்தொடர் எதிர்த்திசையிலும் செயல்படும். உடல் இலகுவானால் எஞ்சின், பிரேக், எரிபொருள் தொட்டி ஆகிய அனைத்தையும் சிறிதாக்கலாம். இவ்வாறு முதலில் குறைத்த எடை மேலும் எடைக் குறைப்புக்கு வழிவிடும்.

## பொருள்களும் செலவும்

கன சென்டிமீட்டருக்கு எஃகின் அடர்த்தி 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம், கார்பன் இழைக் கலவைக்கு ஏறத்தாழ 1.6 கிராம். ஆயினும் எஃகுக்குப் பதில் அலுமினியம் இட்டால் எடை மூன்றில் ஒன்றாகிவிடாது. அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே தகட்டைத் தடிப்பாக்கி, பாகத்தின் வடிவத்தையும் மாற்ற வேண்டும். 2015 ஆம் ஆண்டு மாதிரியில் ஃபோர்டு எஃப்-150 சரக்குந்தின் உடல் அலுமினியக் கலவைக்கு மாற்றப்பட்டபோது, எடை அதிகபட்சம் 318 கிலோ குறைந்தது.

டர்போ எஞ்சினின் திறனைக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியே ஓரளவு கூட்டிவிடலாம். எடைக் குறைப்புக்கோ வடிவமைப்பின் தொடக்கத்திலிருந்தே உழைப்பும் விலையுயர்ந்த பொருள்களும் வேண்டும், பழுதுபார்ப்பும் கடினமாகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் திறன் கூட்டலைத் தேர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

## பாதுகாப்பு

1,000 கிலோ காரும் 2,000 கிலோ காரும் ஒவ்வொன்றும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி, கனமான காரின் வேகம் 33 கி.மீ. அளவு மாறும். இலகுவான காரின் வேக மாற்றம் 67 கி.மீ.; அது நிற்பதோடு அமையாமல் பின்னோக்கியும் தள்ளப்படும். உள்ளிருப்பவர்களின் உடல் தாங்க வேண்டிய அதிர்ச்சி இந்த வேக மாற்றத்தைப் பொறுத்தது.

எடை ஒருவருக்குத் தரும் பாதுகாப்பு, எதிரே வருபவரிடமிருந்து பெறப்படுகிறது. சாலையில் உள்ள எல்லாக் கார்களும் கனமானால் இந்த நன்மை மறைந்து, கூடிய ஆற்றல் மட்டுமே எஞ்சும். சுவரிலோ மரத்திலோ மோதும்போது காரின் எடையைவிட, அதன் முன்பகுதி எவ்வாறு நசுங்கி ஆற்றலை உள்வாங்குகிறது என்பதே முக்கியம். ஆகவே காற்றுப்பை, கதவுக்குள் உள்ள வலுவூட்டும் கம்பி போன்றவற்றை அகற்றிச் செய்யும் எடைக் குறைப்பு, பொதுச் சாலைக் கார்களுக்கு ஏற்றதன்று.

## மின்கார்களில் எடை

மின்மோட்டார்கள் குறைந்த எடையில் மிகுந்த திறனைத் தருகின்றன. மின்கார்களில் எடைக்கு முதன்மைக் காரணம் மின்கலத் தொகுப்பு. 2013 இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ3, கார்பன் இழை வலுவூட்டிய பயணியர் அறையால் சுமார் 1,200 கிலோ எடையில் அமைந்தது. ஏறத்தாழ 1,000 குதிரைத்திறனும் 4,000 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட ஜி.எம்.சி. ஹம்மர் மின்வாகனத்தின் மின்கலத் தொகுப்பு மட்டுமே சுமார் 1,300 கிலோ. அதாவது ஒரு முழு ஐ3 காரைவிட அதிகம்.

பிரேக் பிடிக்கும்போது ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பும் வசதியால், நகர ஓட்டத்தில் எடையின் இழப்பு மின்கார்களில் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. உருளல் தடை, டயர்த் தேய்மானம், மோதல் ஆற்றல் ஆகியவற்றுக்கு இத்தகைய ஈடு கிடையாது.

## ஒப்பீட்டுச் சுருக்கம்

- நடுத்தர வேகங்களில் வேகமெடுத்தல்: இரண்டும் ஏறத்தாழச் சமம், விழுக்காட்டுக் கணக்கில் எடைக் குறைப்பு சற்று மேல்.
- புறப்படும் நொடிகள்: டயர்ப் பிடிப்பே எல்லை, இரண்டுக்கும் பலன் குறைவு.
- உச்ச வேகம்: திறன் கூட்டலே பயன்தரும்.
- பிரேக் வெப்பம், டயர்த் தேய்மானம், எரிபொருள்: எடைக் குறைப்பு சுமையைக் குறைக்கும், திறன் கூட்டல் பொதுவாக அதைக் கூட்டும்.
- மேடு ஏறுதல்: இரண்டும் உதவும், எடைக் குறைப்பு கூடுதல் எரிபொருள் கேட்காது.
- செலவு: திறன் கூட்டல் பெரும்பாலும் மலிவு.
- கனமான வாகனத்தோடு மோதல்: இலகுவான கார் பாதகமான நிலையில் இருக்கும்.

கூட்டிய திறன் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வேலை செய்கிறது. குறைத்த எடையோ கார் ஓடும் ஒவ்வொரு மீட்டரிலும், அது நிற்கும்போதும் திரும்பும்போதும் வேலை செய்கிறது.